லேவியராகமத்தில் நின்றுபோன வாசிப்பும், தோட்டத்துக்கார அக்காவின் கேள்வியும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 31. ஒரு படுகர் குடும்பத்தின் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் வேதத்தில் வளர வேண்டும் என்ற வாஞ்சை வந்தது. ஒரு வருஷத்தில் வேதம் முழுவதையும் வாசிக்கும் அட்டவணையை எடுத்தேன். மூன்று தடவையும் பிப்ரவரியில், வேதத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுவிட்டது. தினமும் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வசனம் போடுகிறேன், யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்ட ஒரே ஆள் தோட்டத்துக்கார அக்கா. "ஊரையெல்லாம் காப்பாத்தினவரு, தன்னைக் காப்பாத்திக்க முடியாமயா சிலுவைல தொங்கினாரு?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் ஒரு வசனத்தை அனுப்பினேன், அவ்வளவுதான். கணவர் சபைக்கு வருவதில்லை. நான் வேதத்தை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். எங்கே தொடங்குவது? மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அக்கா கேட்டதிலிருந்தே தொடங்குவோம். மாற்கு சுவிசேஷத்தில் 15:31ஐத் திறந்து பாருங்கள். சிலுவைக்கு முன் நின்ற பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் ஏறக்குறைய அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார்கள்: "மற்றவர்களை ரட்சித்தான், தன்னைத்தான் ரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை." அவர்கள் கேலியாகச் சொன்னதை அக்கா நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அதற்குப் பதில் ஐந்து அதிகாரம் முன்னால், 10:45ல் இருக்கிறது. மனுஷகுமாரன் (இயேசு தம்மைக் குறித்துச் சொல்லும் பெயர்) வந்ததே அநேகரை மீட்கத் தம் ஜீவனைக் கொடுக்கத்தான் என்று இயேசுவே அங்கே சொல்லிவிடுகிறார். மாற்குவை முதலிலிருந்து வரிசையாக வாசித்திருந்தால் இந்தக் கேள்வி உங்களுக்குப் பழக்கப்பட்டதாக இருந்திருக்கும். உங்கள் விசுவாசம் குறைவாக இருப்பதால் வாய் வராமல் போகவில்லை. மூன்று வருஷமாக ஆதியாகமத்துக்கும் லேவியராகமத்துக்கும் நடுவிலேயே போய்வந்துகொண்டிருந்ததால் வந்த வினை இது.

பிப்ரவரியில் ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். 365ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வருகிறது. ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆகத் தொண்ணூறு. ஜனவரி 28 வாக்கில் லேவியராகமத்தின் வாசலுக்கு வந்துவிடுவீர்கள். மலையில் அது உறைபனிக் காலம். விடியற்காலையில் பக்கம் புரட்டக்கூட விரல் மடங்காது. அந்த நேரத்தில் சர்வாங்க தகனபலி, கொழுப்பு, ஈரல், குஷ்டம் என்று வரிசையாக வந்தால் யாருக்குத்தான் ஓடும்? (வீட்டுச் சுவரில் பரவும் கறையைப் பற்றிய லேவியராகமம் 14ன் பின்பாதி மட்டும் ஈரச் சுவரோடு குடித்தனம் நடத்தும் நீலகிரிக்காரர்களுக்குக் கொஞ்சம் புரியும்.) இரண்டு நாள் விட்டால் பாக்கி ஏழு அதிகாரம், ஒரு வாரம் விட்டால் இருபத்துமூன்று. சீட்டுத் தவணை தவறினவர் சீட்டுக்காரரைக் கண்டால் வேறு பாதையில் போவதுபோல, வேதத்தையே பார்க்காமல் போகத் தோன்றும். அந்த அட்டவணை ஏற்கெனவே பலமுறை வாசித்தவர்களுக்கு நல்லது. நீங்கள் இப்போதைக்கு அதை மடித்து வையுங்கள்.

மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். பதினாறே அதிகாரம். நிதானமாக உரக்க வாசித்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடியும். ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுங்கள். கண் வலித்தால் போனில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக் கேளுங்கள். புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். முதல் எட்டு அதிகாரம் "இவர் யார்?" என்றே ஓடும். 8:29ல் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறார். உடனே கதை திரும்பி எருசலேமை நோக்கி இறங்குகிறது. 8:31, 9:31, 10:33 என்று மூன்று முறை தாம் பாடுபட்டுச் சாகப்போவதை இயேசு சொல்கிறார், மூன்று முறையும் சீஷர்கள் அதை விட்டுவிட்டு வேறெதையோ பிடித்துக்கொள்கிறார்கள். இந்த உருவம் மனதில் பதியத்தான் ஒரே மூச்சு வாசிப்பு.

மறுநாளிலிருந்து நாளுக்கு ஒரு சம்பவம். பத்திலிருந்து பதினைந்து வசனம், அதற்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஆறு நாள் வைத்தால் எட்டு வாரத்தில் முடிந்துவிடும். இடையில் விட்டால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், பாக்கி சேர்க்காதீர்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். சின்ன ஜெபம் ஒன்று செய்துவிட்டு அந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள், ஒரு முறையாவது சத்தமாக. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நடந்ததை உங்கள் வீட்டுப் பேச்சில், யாருக்கோ சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுபடி திறந்து, எதை விட்டீர்கள், எதைச் சேர்த்தீர்கள் என்று பாருங்கள். இந்தக் கடைசி வேலையை எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாற்கு 2:1–12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கும் சம்பவம். முதல் தடவை மூடிவிட்டுச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள்: "நாலு நண்பர்கள் ஒரு முடக்குவாதக்காரரைத் தூக்கிட்டு வந்தாங்க, கூட்டம், கூரையைப் பிரிச்சு இறக்கினாங்க, இயேசு குணமாக்கினார், எழுந்து போயிட்டார்." இப்போது திறந்து பாருங்கள். நண்பர்கள் என்று வசனத்தில் இல்லை, நாலுபேர் சுமந்தார்கள் என்றுதான் இருக்கிறது. அண்ணன் தம்பிகளாக இருந்திருக்கலாம், கூலிக்கு வந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். இது சின்னச் சேர்க்கை. பெரிய இழப்பு வேறு. படுத்திருப்பவனைப் பார்த்து இயேசு முதலில் சொன்னது "எழுந்திரு" அல்ல, "உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது" என்பது. அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகர் "பாவத்தை மன்னிக்க தேவனைத் தவிர யாரால் முடியும்?" என்று மனதுக்குள் கொதிக்கிறார்கள். அந்த வாக்குவாதம் 6ஆம் வசனத்திலிருந்து 10 வரை, பன்னிரண்டில் ஐந்து வசனத்தை எடுத்துக்கொள்கிறது. கூரை சுவாரசியமாக இருப்பதால் நடுவில் இருக்கும் இதை நம் வாய் தானாகவே விட்டுவிடுகிறது. மாற்கு சம்பவத்தைச் சொல்வதே அதற்காகத்தான்.

கூரையையும் நம் ஊர்த் தகரக் கூரையாகவோ மங்களூர் ஓடாகவோ நினைத்துவிடாதீர்கள். கலிலேயா வீடுகளில் பெரும்பாலும் மரவிட்டம் போட்டு, மேலே கிளை பரப்பி, மண் மெழுகிய தட்டைக் கூரை. வெளியில் படிக்கட்டு இருக்கும். பிரிப்பதும் திரும்பப் பூசுவதும் நடக்கக்கூடிய காரியம். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் மண் கொட்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

இரண்டாம் தடவை சொல்லும்போது விட்டது உள்ளே வந்துவிடும். மூன்றாம் தடவையை வேலைக்குப் போகும் வழியிலோ, மூட்டையோடு எடைக்கு நிற்கும்போதோ மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். எட்டு வாரம் கழித்து உங்களிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட சம்பவங்கள் சொந்தப் பேச்சில் இருக்கும். யாராவது கேட்டால் வசனம் தேடிப் போனைத் தடவ வேண்டியிருக்காது. வரிமாறாத மனப்பாடத்துக்கு இந்த எட்டு வாரத்தில் நாலே வசனம் வையுங்கள்: 1:15, 2:17, 8:34, 10:45.

லேவியராகமத்தை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. மாற்கு வழியாக உள்ளே போங்கள், கதவு திறந்தே இருக்கும். 1:44ல் சுகமான குஷ்டரோகியை ஆசாரியனிடம் போகச் சொல்கிறார். ஏன் என்று லேவியராகமம் 14ல் பார்க்கலாம். 5ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டோடு, அதாவது நிற்காத உதிரப்போக்கோடு, இருந்த பெண் ஏன் கூட்டத்தில் ஒளிந்து பின்னால் வந்து தொட்டாள்? லேவியராகமம் 15:25–27ஐ வாசித்தால், அவள் படுத்த படுக்கையும் உட்கார்ந்த இடமும் தீட்டு, அவற்றைத் தொடுகிறவருக்கும் தீட்டு என்ற சட்டம் தெரியும். பன்னிரண்டு வருஷம் அவளைத் தொட எத்தனை பேர் தயங்கியிருப்பார்கள் என்பதும் தெரியும். "மகளே" என்று அவர் எல்லார் முன்னாலும் அழைத்ததன் கனம் அப்போதுதான் இறங்கும். அதே அதிகாரத்தில் அவள் கதையைச் சுற்றி யவீருவின் மகள் கதை இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கும் வயது பன்னிரண்டு. ஒரு கதைக்குள் இன்னொன்றை வைத்துச் சொல்வது மாற்குவின் வழக்கம். 11ஆம் அதிகாரத்தில் அத்திமரக் கதைக்கு நடுவில் தேவாலயச் சம்பவத்தை வைத்திருப்பதையும் பாருங்கள். கடைசி வாரத்தில் ஒரு தடுமாற்றம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 16:9–20 மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அவற்றில் புத்தகம் 8ஆம் வசனத்தோடு, பயந்துபோன பெண்கள் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடுவதோடு நிற்கிறது. யாராவது இதை எடுத்துக் கேட்டால் பதறாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871ல் வந்த பதிப்பின் தமிழ் அது. ஓசை அருமை, ஆனால் பல சொற்களுக்கு இன்று பொருள் மாறிவிட்டது. 1 பேதுரு 3:15ஐப் பாருங்கள். நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்கிறது. இன்று உத்தரவு என்றால் அதிகாரி போடுவது. இங்கே அதன் பொருள் வெறும் பதில். வணக்கம் என்பது கும்பிடு அல்ல, பயபக்தி, மரியாதை. கேட்டவருக்குத்தான் பதில், அதுவும் தணிந்த குரலில். உத்தரவு போடும் தொனியில் சாட்சி சொல்கிறவர்கள் இந்த வசனத்தைத்தான் மேற்கோள் காட்டுவார்கள் என்பது வேடிக்கை. தடுக்கும் இடங்களில் 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பை, அதாவது திருவிவிலியத்தை, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கத்தோலிக்கத் தோழி யாரிடமாவது இரவல் கிடைக்கும்.

ஸ்டேட்டஸ் விஷயம். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை, அதாவது ஒரு வசனம் அச்சிட்ட அட்டை, எடுப்பது நம் சபைகளில் பிரியமான வழக்கம். அதிலேயே பழகிவிட்டதால் வசனம் என்றாலே ஒற்றை வரி, பின்னால் ரோஜாப்பூ என்று ஆகிவிட்டது. அதிகம் சுற்றும் எரேமியா 29:11ஐ எடுங்கள். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனமே, எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று 5, 7ஆம் வசனங்கள் சொல்கின்றன. கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்க்கவே மாட்டார்கள். இதை "இந்த மாசம் லோன் கிடைக்கும்" என்று ஒருவருக்கு அனுப்பினால், லோன் கிடைக்காதபோது அவர் வசனத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். மாற்கு முடியும்வரை ஸ்டேட்டஸ் போடுவதை நிறுத்திவையுங்கள். போடாததை யாராவது கவனித்துக் கேட்டால், அதுவே பேச ஒரு சாக்கு.

இனி அக்காவிடம் பேசுவது. சபைக்குள் நமக்குச் சாதாரணமான சொற்கள் வெளியில் வேறு மாதிரிக் கேட்கும். "பாவம்" என்றால் தெருவில் பரிதாபம், "ஐயோ பாவம்". "பாவி" என்றால் வசவு. "நாமெல்லாரும் பாவிகள்" என்று நீங்கள் தொடங்கினால் அவர் காதில் திட்டாகத்தான் விழும். இரட்சிப்பு, அபிஷேகம், இரத்தத்தால் கழுவப்படுதல் எல்லாம் விளக்கம் இல்லாமல் வெளியே எடுக்கக் கூடாத சொற்கள். தவறு, மன்னிப்பு, திரும்பி வருவது என்று பேசுங்கள். அவருக்கு வீட்டில் படுக மொழி, உங்களுக்குத் தமிழ். ஆகவே வாக்கியம் இன்னும் சின்னதாக இருக்கட்டும். இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. அப்புறம் வாசிச்சுப் பார்த்தேன். சிலுவைக்குக் கீழ நின்னவங்களும் அதையேதான் கேட்டிருக்காங்க. அவருக்கு இது முன்னாடியே தெரியும், மூணு தடவை சொல்லியிருக்காரு. பிடிக்க வர்ற ராத்திரி, 'இது வேண்டாமே'ன்னு வேண்டிக்கிட்டாரு. அப்புறம், 'உம்ம சித்தப்படி ஆகட்டும்'னு போனாரு. தன்னைக் காப்பாத்திக்கிட்டா மத்தவங்களைக் காப்பாத்த முடியாதுன்னுதான் இறங்காம இருந்தாரு. நான் நம்புறது இதுதான்."

அரை நிமிஷம். தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு தொடங்குவதால் பாதி இறுக்கம் போய்விடும். இதோடு நிறுத்துங்கள். மேலே கேட்டால் தொடருங்கள். "மழை வர்ற மாதிரி இருக்கு" என்றால் நீங்களும் மழையைப் பற்றிப் பேசுங்கள். அவர் படுகர் வணங்கும் ஹெத்தை அம்மனைப் பற்றிப் பேச்செடுத்தால் குறை சொல்லாதீர்கள், ஒப்பிடவும் போகாதீர்கள். பண்டிகை எப்படி நடக்கும், அவர் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கேட்கத் தெரியாதவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை. அவசரமும் வேண்டாம். இந்த மலையில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து மிஷனரி சங்கத்தின் ஊழியம் 1846ல் தொடங்கியது. கேத்தி என்ற ஊரை மையமாக வைத்து ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராக, நடந்தார்கள். படுகரில் முதல் ஞானஸ்நானம் 1858ல்தான்.

அக்கா உங்களுக்குக் கூலி கொடுக்கிறவர் என்பதையும் மறக்க வேண்டாம். வேலை நேரத்தில் பறிப்பை நிறுத்திவிட்டுப் பேசினால் அது அவர் காசில் பேசுவது. எடையில் ஏமாற்றாத கை, கொழுந்தோடு முற்றின இலையைக் கலக்காத மூட்டை, இதையெல்லாம் அவர் உங்கள் பதிலுக்கு முன்பே வாசித்துக்கொண்டிருக்கிறார். பணம், வேலை, பிள்ளைகளின் படிப்பு போன்ற எந்த உதவியையும் விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் பேசாதீர்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டு, சரி என்றால் ஒரு நிமிஷத்தில் முடியுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஜெபம் ஜெபமல்ல. சட்டம் சொல்வதும் தெரிந்திருக்கட்டும். அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தீர்ப்பளித்தது. நம்புவதைச் சொல்லலாம், தீர்மானம் கேட்பவருடையது. மாற்கு 10ல் ஐசுவரியவான் துக்கத்தோடு திரும்பிப் போனபோது இயேசுவும் பின்னால் ஓடவில்லை.

கணவர் விஷயத்தில் அறிவுரை நேர் எதிர். அதே 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர் மனைவியின் நடக்கையினாலே "போதனையின்றி" ஆதாயப்படுவார் என்கிறது. அக்கா கேட்டார், அதனால் அவருக்குப் பதில். கணவர் கேட்கவில்லை. அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் வாசிப்பை வைக்காதீர்கள். காலை ஐந்தரைக்கு, அடுப்பு மூட்டும் முன், அவர் எழுவதற்குள் முடித்துவிடுங்கள். சத்தமாக வாசிப்பது என்றால் முணுமுணுப்பாகவே போதும். வேதத்தை எடுத்ததும் சமையல் தாமதமாகிறதா, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் நிற்கிறதா என்று நேர்மையாகப் பாருங்கள். அவர் எழுந்து போவதற்குக் காரணம் வேதமாக இல்லாமல், வேகாத சோறாகவும் இருக்கலாம். கணவர் கையால் அடி, மிரட்டல் என்று ஏதாவது இருந்தால் இந்த வசனத்தைச் சொல்லிப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு பேச்சு, உடனே உதவி தேட வேண்டிய பேச்சு.

தனியாகச் சொல்லிப் பார்ப்பது இரண்டு வாரத்தில் சலிக்கும். சபையில் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்று பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெரிதானால் ஒருவர் பேசி மற்றவர்கள் தலையாட்டும் இன்னொரு ஜெபக்கூட்டமாகிவிடும். அதில் ஒருவர் எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. காதால் மட்டும் கேட்கிறவர்கள் நீங்கள் விட்டதை உடனே பிடித்துவிடுவார்கள். வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம்: ஒருவர் சம்பவத்தைச் சொல்ல, ஒருவர் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்க்க, மூன்றாமவர் "இதை நாம எப்படிச் செய்யறது?" என்று கேட்க வேண்டும். பதில் தெரியாத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி மாதம் ஒரு முறை ஆயரிடம் கொண்டு போங்கள். அவருக்கும் சந்தோஷமாக இருக்கும், கல்யாணம், சபை வரி, கல்லறைத் தோட்டம் தவிர வேறு எதையும் பற்றி அவரிடம் அதிகம் பேர் கேட்பதில்லை.

கடைசியாக, வேதத்தில் பேனாவால் கோடு போடாதீர்கள். அந்தத் தாளில் மை மறுபக்கம் ஊறிவிடும். பென்சில் போதும். மழை மாதங்களில் சுவரை ஒட்டி வைத்தால் அட்டையில் பூசணம் பிடிக்கும். அடுப்பங்கரைப் பக்கத்து அலமாரியில், புகை படாத தட்டில் வையுங்கள்.

வரும் ஞாயிறு மத்தியானம் முழுப் புத்தகம். திங்கட்கிழமை மாற்கு 1:1–8, எட்டே வசனம்.